மாப்பிள்ளை உடுப்பு மணவறைக்கா, கமராவுக்கா?

இந்திய மாப்பிள்ளை உடுப்பு என்று கடையில் கேட்டால் இப்ப முதலில் ஷெர்வானியைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அழகான உடுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வட இந்தியாவில் பனிக்காலத்து இரவுக் கல்யாணங்களுக்குப் பொருந்தி வந்த உடுப்பு. கழுத்துவரை தெறி, உள்ளே லைனிங், முழங்கால் வரை கனத்த துணி. நாங்கள் வைகாசியிலும் ஆவணியிலும், சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசுகிற நேரத்தில், ஓமகுண்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை இரண்டு மூன்று மணித்தியாலம் சப்பாணி கட்டி இருத்துகிறோம். அதனால் பின்னேர வரவேற்புக்கு ஷெர்வானி, மணவறைக்கு வேட்டி சால்வை தலைப்பாகை என்பதுதான் என் கட்சி.

வெக்கை மட்டும் காரணமில்லை. சடங்குகளை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். பூணூல் இடத் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே வரவேண்டும். தெறி பூட்டிய ஷெர்வானிக்கு மேலே அது மாலை போலத் தொங்கும். காப்புக் கட்ட மணிக்கட்டு வெளியே தெரியவேண்டும். தாரை வார்க்கும்போது கையில் தண்ணீர் விழும், கணையாழி எடுக்கும்போது கையைக் குடத்துக்குள் விடவேண்டும். நனைந்த பட்டுக் கை காய்ந்தபிறகும் வட்டமாகக் கறை காட்டும், அது எல்லாப் படத்திலும் இருக்கும். இன்னொன்று, மலிவு ஷெர்வானிகள் பெரும்பாலும் பொலியெஸ்ரர். ஓமத்தில் தீப்பொறி தெறித்தால் பட்டு கருகும், பொலியெஸ்ரர் உருகித் தோலில் ஒட்டும்.

கோயிலில் தாலி கட்டுவதென்றால் கதை இன்னும் சுருக்கம். எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். கோயிலில் முதலே கேட்டுவிட்டு உடுப்பு எடுங்கள். பட்டுச் சேட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு அதை வாசலில் கழற்றிச் சித்தப்பாவின் கையில் கொடுப்பதில் என்ன பிரயோசனம்?

இனி வேட்டி. நாலு முழம் ஏறத்தாழ 1.8 மீற்றர், எட்டு முழம் 3.6 மீற்றர். மணவறைக்கு எட்டு முழம்தான்; நாலு முழம் ஒரே மடிப்பு, வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் காட்டும். நீளத்தைப் பார்க்கிற அளவுக்கு அகலத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. வழக்கமாக வருவது 50 அங்குலம். மாப்பிள்ளை நல்ல உயரமென்றால் அது கட்டையாகலாம், இருந்து எழும்பினால் இன்னும் ஏறும். 52, 54 இருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே இடுப்பிலிருந்து பிடித்துப் பாருங்கள். பஞ்சகச்சம் கட்ட விரும்பினால் எட்டு முழம் போதாது. 9 முழ வேட்டியும் 5 முழ அங்கவஸ்திரமும் சேர்ந்த செற், அல்லது பத்தும் ஆறும் வேண்டும். கட்டத் தெரிந்த ஒருவரும் வேண்டும், அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

புதுப் பட்டு வழுக்கும், மொரமொரவென்று நிற்கும். கல்யாணத்தன்று முதன்முதலாகக் கட்டுகிறவருக்குத்தான் அது அவிழும். மூன்று நாள் முன்னமே கட்டி, சப்பாணி கட்டி இருந்து, எழும்பி, குனிந்து பாருங்கள். குனிவது முக்கியம். அம்மி மிதிக்கும் நேரம் பெண்ணின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போடவேண்டும், வேட்டிக்கு உண்மையான சோதனை அங்கேதான். உள்ளே முழங்கால் வரை வெள்ளைப் பருத்திக் காற்சட்டை, வேட்டிக்கு மேலே அகலமான பெல்ட். வெல்க்ரோ வைத்த வேட்டி எடுப்பவர்கள் நின்று அளவு பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இருக்கும்போது இடுப்பு ஓரிரு அங்குலம் கூடும், அப்போது ஒட்டு விடும். இருந்து பார்த்து எடுங்கள். அந்த வேட்டியின் பொக்கற்றுக்குள் போனை மட்டும் வைக்கவேண்டாம், பாரம் ஒரு பக்கம் இழுக்கும்.

பட்டா இல்லையா என்று சந்தேகமென்றால் ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்துங்கள். பட்டென்றால் மயிர் எரியும் மணம், சாம்பல் விரலில் நொறுங்கும். பொலியெஸ்ரர் உருகி உருண்டையாகும். றேயோன் கடதாசி போல எரியும். நிறத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பட்டு வேட்டி பெரும்பாலும் பால் நிறம்; அதற்குத் தூய வெள்ளைச் சேட்டுப் போட்டால் வேட்டி பழசு போலத் தெரியும். வேட்டியைக் கையோடு கொண்டுபோய், கடை வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் ஒத்துப் பாருங்கள். கூறைப்புடவையின் கரைக்கும் வேட்டியின் கரைக்கும் நிறம் பொருத்தவென்று யாழ்ப்பாணம் வரை ஏறி இறங்குவது வீண் அலைச்சல்.

தலைப்பாகையில்தான் அதிகம் பிழை நடக்கிறது. றெடிமேட் தலைப்பாகைக்கு நெற்றிக்கு நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் நாடாவைச் சுற்றி அளவு எடுக்கவேண்டும். அதைத் தலைமயிர் வெட்டியபிறகு எடுங்கள். முதலே எடுத்தால் கல்யாணத்தன்று தளர்ந்து புருவத்தில் இறங்கும். பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து முழுகிவிட்டு ஈரத்தலையில் தூக்கி வைப்பது அடுத்த பிழை. உள்ளே இருக்கும் மட்டை ஊறி உருக்குலையும், சிவப்புத் துணியென்றால் சாயம் நெற்றியில் இறங்கித் திருநீற்றோடு கலக்கும். நன்றாகத் துவட்டி, உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பருத்தித் துணி தைத்துவிட்டால் வியர்வையும் அடங்கும், தலையும் வலிக்காது. ஊரில் கட்டத் தெரிந்த பெரியவர் இருந்தால் நாலைந்து மீற்றர் மெல்லிய துணியில் கட்டுவிப்பதே திறம். சரிகை கனத்த துணி வழுக்கும், வேண்டாம்.

கடுக்கனுக்குக் காது குத்தாதவர்கள் கிளிப் வைத்தது வாங்கலாம். அரை மணித்தியாலம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சிலது நெரித்தே கொல்லும்.

வரவேற்புக்கு ஷெர்வானிதான் என்றால், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அனுப்புகிற உறவுகளுக்கு ‘40 சைஸ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சில கடைக்கு அது உடம்பின் நெஞ்சளவு, சில கடைக்கு உடுப்பின் அளவு. நெஞ்சு, தோள், கை நீளம், கழுத்திலிருந்து முழங்கால் வரை என்று நாலையும் அங்குலத்தில் எழுதி அனுப்புங்கள். உடுப்பின் சுற்றளவு நெஞ்சளவைவிட நாலு அங்குலம் கூட இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மாலை போடக் கை தூக்கும்போது கமக்கட்டில் பிரியும். வாடகைக்கு எடுத்தாலும் முதலில் கமக்கட்டைத்தான் பார்க்கவேண்டும், தையலையும் மணத்தையும்.

வேட்டியில் நெய் பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல் முகப்பவுடரை அப்பி, அது நெய்யை உறிஞ்சியபிறகு தட்டிவிடுங்கள். மாப்பிள்ளைத் தோழனுக்கும் ஒரு தலைப்பாகை வேண்டும், அவனுடைய தலையையும் அளந்துகொள்ளுங்கள்.