முதலில் உடம்பைக் குளிர வையுங்கள், அறிவுரை அப்புறம்

தாய்லாந்தின் புக்கெட் தீவில் முவாய் தாய் என்ற குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போன அந்தப் பையன் சுருண்டு விழுந்த காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நம் ஆட்கள் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. "தெம்பு இல்லாதவன் ஏன் போகணும்?" "காசுத் திமிர்." சுற்றி நின்று பத்துப் பேர் விசிறுகிறார்களே, ஒருவராவது ஐஸ் கொண்டுவந்தாரா என்று யாருமே கேட்கவில்லை.

கடும் பயிற்சியில் உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கம் இல்லை, உயிரையே பறிக்கக்கூடிய ஹீட் ஸ்ட்ரோக். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கி, அரை மணி நேரத்துக்குள் சூட்டைக் குறைக்க வேண்டும். முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி. வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது என்று விடாதீர்கள். வியர்த்துக்கொண்டேயும் விழுவார்கள்.

2018-இல் என் தம்பி அப்படித்தான் விழுந்தான். தினமும் விடியற்காலையில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறி இறங்கியவன் அவன், தெம்பு இல்லாதவன் இல்லை. தாய்லாந்தில் போய் இறங்கிய மறுநாளே காலையும் மாலையும் பயிற்சி. விழுந்தவனை வேனில் போட்டு நாற்பது நிமிடம் ஓட்டினார்கள், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் போனது, தசை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதித்துவிட்டது. எங்கள் பயணக் காப்புறுதியில் சண்டை விளையாட்டு சேராது என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா சங்கிலியை அடகு வைத்தார்.

"பினாங்கு வெயிலில் வளர்ந்தவனுக்கு என்ன?" என்கிறார்கள். நாள் முழுக்க ஏர்கோனில் வேலை பார்ப்பவனுக்கு வெயில் எங்கே பழகும்? அந்தச் சூட்டில் கடும் பயிற்சி செய்ய உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும், ஒரு வாரம் லீவில் போகிறவனுக்கு அந்த நாள் கிடைப்பதே இல்லை. அதனால்தான் முதல் சில நாள் பாதிப் பயிற்சி போதும் என்கிறேன். பயிற்சியாளர்கள் நல்லவர்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். ஐஸ் இருந்ததா?

தம்பி பிழைத்து வந்த பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவர்கூட வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எவ்வளவு செலவு என்றுதான் கேட்டார்கள். அம்மா அதற்குப் பிறகு பல மாதம் விசேஷ வீடுகளுக்கே போகவில்லை. அந்தப் பையனின் அம்மாவும் இப்போது உங்கள் வார்த்தைகளைத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்.

தம்பி அடுத்த மாதம் மறுபடியும் போகிறான், நான் தடுக்கவில்லை. காப்புறுதியில் முவாய் தாய் சேரும் என்று எழுத்தில் வாங்கிவிட்டோம், தாய்லாந்தின் அவசர மருத்துவ எண் 1669-ஐப் போனில் ஏற்றிவிட்டோம். ஐஸ் தொட்டி இருக்கிறதா என்று இரண்டு பயிற்சிக்கூடங்களுக்கு எழுதிக் கேட்டான். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியது. அங்கேதான் போகிறான்.