"எல்லாம் கிளவுட்ல இருக்கும்லா"

திரையை மாற்றக் கொடுத்த கைப்பேசியை, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டா திருப்பித் தருவது? சிங்கப்பூரில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. கேட்டால், "எல்லாம் கிளவுட்ல இருக்கும்லா" என்கிறார் கடைக்காரர்.

எங்கே இருக்கிறது? கிளவுட் என்றால் இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம்; அதில் கூகுள் இலவசமாகத் தருவதே 15 ஜிபி, அதிலும் ஜிமெயிலுக்குப் பங்கு. 2021 ஜூன் முதல் சுருக்கி ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேருகின்றன. நிரம்பிவிட்டால் புதுப் படம் ஏறாது.

போனது தைப்பூசப் படங்கள். அண்ணன் மகன் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி எடுத்தான். வழியில் பாட்டி குனிந்து அவன் காலில் தண்ணீர் ஊற்றினார். அந்தப் படம் இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும்தான், சுருங்கிப்போய்க் கிடக்கிறது. பெரிதாக்கினால் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. பாட்டி இன்று இல்லை. இன்னொரு படம் எடுக்க வழியும் இல்லை.

அப்புறம், கைப்பேசியையும் கிளவுடையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் இந்த சிங்க் (sync). கைப்பேசியில் அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும் ஒன்றுக்கு பேக்கப் (காப்புப் பிரதி) என்று பெயர் வைத்தால் வயதானவர்கள் நம்பத்தானே செய்வார்கள்? தனி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி வேண்டும் என்று விற்கும்போதே யாராவது சொல்கிறார்களா? எல்லாவற்றையும் துடைத்துவிடும் ரீசெட் பொத்தானை அழுத்துமுன் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?