“என்ஜின் வேலை இப்பத்தான் பார்த்தது”

பழைய வண்டி விற்பவர்கள் சொல்கிற வார்த்தைகளில் இப்போது நான் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான்: “என்ஜின் வேலை இப்பத்தான் பார்த்தது.” ஒரு காலத்தில் இதைக் கேட்டாலே மனசு குளிர்ந்துவிடும். சரி, பெரிய செலவு முடிந்தது, இனி பெட்ரோல் ஊற்றி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும். இப்போதெல்லாம் வாயில் வரும் முதல் கேள்வி, “ஏன் பார்த்தீங்க?” என்பதுதான். அதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, அதை நம் தலையில் கட்டப்போகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பிஸ்டன் செலவானது.

நான் வாங்கியது 125 சிசி டூ ஸ்ட்ரோக் பைக், பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டிய ரகம். ஒற்றை சிலிண்டர், மூன்று கியர். 1939-இல் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கொண்டுவந்த ஆர்.டி. 125-இன் வம்சம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்த வடிவமைப்பை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பிரிட்டனில் பி.எஸ்.ஏ. பேன்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, சோவியத்தில் மாஸ்க்வா, 1955-இல் ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ. 1, எல்லாம் அதன் பிள்ளைகள். என்னுடையது இதில் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்போவதில்லை. செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த வண்டியை அப்புறம் கெடுத்தது எங்கள் கைதான்.

பார்க்கப் போன அன்று ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. விற்றவர் ஆக்சிலரேட்டரை நன்றாக முறுக்கிவிட்டு கையை எடுத்தார். சத்தம் உடனே இறங்கவில்லை. மேலேயே நின்றது. மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் கழித்து, மனசில்லாமல் இறங்குவது போல மெதுவாக இறங்கியது. “பாருங்க, எவ்வளவு லேசா சுத்துது!” என்றார். நான் தலையாட்டினேன். கூட வந்த நண்பன் “வண்டி செம துடிப்புடா” என்றான். அந்த மூன்று விநாடிதான் வியாதி. அதைத்தான் நாங்கள் மூன்று பேரும் நின்று ரசித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. நேரான சாலை, அரைமணி நேரமாக ஒரே வேகம். முதலில் என்ஜின் சத்தம் கொஞ்சம் கூர்மையானது. அப்புறம், பின்னால் யாரோ சீட்டைப் பிடித்து இழுப்பது போல இழுவை குறைந்தது. அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. டயர் தேயும் சத்தம் கேட்ட பிறகுதான் கை தானாகக் கிளட்சுக்குப் போனது. பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டிகள் எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

ஓரம் கட்டி நிறுத்தினேன். சூட்டில் தகரம் சுருங்குவது போல ‘டிக், டிக்’ என்று சத்தம். கிக்கரை மிதித்தால் கல் மாதிரி நின்றது. இருபது நிமிஷம் கழித்து மிதித்தேன், இறங்கியது. இரண்டாவது உதையில் ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது! ‘ஒன்றும் ஆகவில்லை போல’ என்று அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் முட்டாள்தனங்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஆறியதும் விட்டுவிட்டது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியம், அது ஓடுகிற சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ இந்த மாதிரி என்ஜின்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள். ஒரு தலைமுடித் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு அளவு மீறினால் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், ஆயில் படலம் வழிந்துபோகும், அலுமினியம் இரும்பில் ஈஷிக்கொள்ளும். ஆறினால் சுருங்கி விட்டுவிடும். ஆனால் ஈஷியது ஈஷியதுதான். அதன் மேல்தான் நான் வீடுவரை ஓட்டினேன்.

முதல் மெக்கானிக் நல்ல வேலைக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஒரு மணி நேரத்தில் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டார். சைலன்சர் பக்கம் முழுக்க நெடுக்குக் கோடுகள், ரிங் அதன் பள்ளத்திலேயே பிதுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. “சீஸ் ஆயிருக்கு தம்பி. போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுட்டா புதுசு மாதிரி ஆயிடும்.” சீஸ் என்றால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்வது. போர் என்றால் கோடு விழுந்த சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் அகலமாகக் கடைவது.

“ஏண்ணே சீஸ் ஆச்சு?”

“ஆயில் கம்மியா கலந்திருப்ப. பழைய வண்டி வேற, அப்படித்தான் இருக்கும்.”

நான் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 25-க்கு 1, ஊசி சிரிஞ்சில் அளந்து கலக்குகிறவன். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ‘ஒருவேளை அன்றைக்கு மட்டும் மறந்திருப்பேனோ’ என்று யோசித்துக்கொண்டே, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைச் சும்மா நகத்தால் சுரண்டினேன். அடியில் 0.25 என்ற எண் தெரிந்தது.

அதாவது விற்றவர் பொய் சொல்லவில்லை. என்ஜின் வேலை உண்மையிலேயே இப்பத்தான் பார்த்திருக்கிறார்கள். அவருக்கும் இதே மாதிரி பிடித்திருக்கிறது, அவருக்கும் யாரோ போர் பண்ணி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு “புதுசு மாதிரி” கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே நான் என்ன செய்தேன் தெரியுமா? 0.50 பிஸ்டன் ஆர்டர் போட்டேன். சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்ற அவசரம். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

லேத்தில் இருந்து வந்த பிளாக் கண்ணாடி மாதிரி மின்னியது. சுமார் 200 கிலோமீட்டர். மறுபடியும் அதே கூர்மையான சத்தம், அதே இழுவைக் குறைவு. இந்த முறை கிளட்சைப் பிடித்துவிட்டேன், ஆனால் பிஸ்டனைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டாவது முறை வேறொருவரிடம் போனேன். வயதானவர், டூ ஸ்ட்ரோக்கிலேயே ஊறியவர். நான் கதை சொல்லி முடிக்கும்வரை ஸ்பேனரைத் தொடவில்லை. ஆறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். லேசாக முறுக்கி விட்டார். சத்தம் மேலேயே தொங்கியது. உடனே ஆஃப் பண்ணிவிட்டார்.

“ஐட்லிங் இறங்க மாட்டேங்குதே. எத்தனை நாளா இப்படி?”

“வாங்கும்போதே இப்படித்தாண்ணே இருந்துச்சு.”

சிரித்தார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். காபித்தூள் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. “உன் வண்டி காத்தைக் குடிக்குது. நீ பெட்ரோல்ல ஆயிலை அளந்து ஊத்தி என்ன பண்றது?”

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ்தான், அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுற்றும் பெட்டிதான், பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கீழே உறிஞ்சும், அப்போதுதான் கார்புரேட்டர் வழியாகக் காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்து உள்ளே வரும். பிஸ்டன் இறங்கும்போது அதையே அழுத்தி மேலே தள்ளும். ஆகவே கிராங்க் கேஸ் பலூன் மாதிரி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அதன் இரண்டு ஓரத்திலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஒரு ஆயில் சீல் உண்டு. மேக்னெட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சக்கரம்) பக்க சீல் போனால் கார்புரேட்டரைக் கேட்காமலே காற்று உள்ளே வரும். காற்று கூடினால் கலவை மெலியும், சுற்று ஏறும், சூடு ஏறும். கூடவே, அந்தத் திருட்டுக் காற்றோடு ஒரு சொட்டு ஆயிலும் வராது. ‘லேசா சுத்துது’ என்று நாங்கள் மெச்சியது இதைத்தான். கிளட்ச் பக்க சீல் போனால் கதை வேறு. அங்கே காற்றுக்குப் பதில் கியர் ஆயிலை உறிஞ்சும், புகை தள்ளும், கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். அப்படிப்பட்ட வண்டியைப் பார்த்து ‘ரிங் போச்சு’ என்று போர் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அவர் செய்த சோதனை இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றினார். சைலன்சர் வாயில் ட்யூப் ரப்பரை வெட்டி வைத்து ஒரு தகட்டால் இறுக்கினார். கார்புரேட்டர் வாயிலும் அதே மாதிரி, ஆனால் நடுவில் ஒரு குழாய். பிஸ்டனை மேலே ஏற்றி வைத்து, குழாயில் பழைய பி.பி. பார்க்கும் மீட்டரையும் அதன் ரப்பர் உருண்டையையும் மாட்டினார். 300 வரை அடித்தார். அது 6 பிஎஸ்ஐக்குச் சற்றுக் குறைவான அழுத்தம். நல்ல என்ஜின் என்றால் முள் பல நிமிஷம் அங்கேயே நிற்க வேண்டும். என்னுடையதில் நான் மூச்சு விடுவதற்குள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரை பிளாக் அடியில் பேக்கிங் ஓரமாகத் தடவினார், ஒன்றுமில்லை. ஹெட்டில் இல்லை. மேக்னெட்டைக் கழற்றி, தண்டைச் சுற்றித் தடவிவிட்டு மறுபடி அடித்தார். குழந்தை எச்சில் விடுவது போல பொங்கிப் பொங்கி நுரை வந்தது.

அவ்வளவுதான். மொத்தம் அரைமணி நேரம். இந்த அரைமணி நேரத்தை எனக்கு முன்னால் இருந்தவர் செலவிட்டிருந்தால் பிளாக்கில் கால் மில்லிமீட்டர் மிஞ்சியிருக்கும், நான் செலவிட்டிருந்தால் இன்னொரு கால்.

என்னுடையதில் சீல் மாற்ற கிராங்க் கேஸையே பிரிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்த சீலின் உதட்டை நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மூடி மாதிரி அமுங்கவே இல்லை. வருஷக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் இப்படித்தான் காயும். போதாததற்கு இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) கலவை இன்னும் மெலியும். அதனால் மெயின் ஜெட்டையும் ஒரு நம்பர் கூட்டினோம்.

சிலர் சொல்வார்கள்: ‘காரணமெல்லாம் தேடிக்கொண்டிருக்காதே, எல்லாவற்றையும் புதிதாக மாற்று, கிராங்க், பேரிங், சீல், பிஸ்டன், கார்புரேட்டர், முடிந்தது.’ இதில் பாதி எனக்கு உடன்பாடு. கேஸைப் பிரித்துவிட்டால் இரண்டு சீலையும் பேரிங்கையும் மாற்றாமல் மூடுவது மடத்தனம். மீதிப் பாதி உடன்பாடில்லை. பழைய வண்டிக்குப் புதிதாகக் கிடைக்கும் சாமான் எல்லாமே பழசைவிட நல்லது என்று எந்தச் சட்டமும் இல்லை. டேங்கில் உள்ள துரு ஜெட்டை அடைக்கிறது என்றால், முழுக்கப் புதிய என்ஜினும் அதே சாலையில் அதே மாதிரிதான் நிற்கும்.

இன்னொன்று, கழற்றிய பிஸ்டனைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி. நாலு மூலையிலும் கோடு விழுந்திருந்தால், ஆறிய என்ஜினைச் சூடேறவிடாமல் முறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் லேத்தில் இடைவெளி குறைவாக வைத்திருப்பார்கள். சுற்றிலும் வழித்தெடுத்தது போல இருந்தால் ஆயில் போகவில்லை. தலையில் ஓட்டை என்றால் இக்னிஷன் டைமிங்கையும் பிளக்கின் ஹீட் நம்பரையும் பாருங்கள். என்னுடைய முதல் பிஸ்டனை அந்தக் கடையின் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கும் வருத்தம்தான்.

இப்போது பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்கிறேன். நான் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் அங்கேயே ஒரு புள்ளி குறைந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கிறேன், ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் போயிருக்கிறது, சீலும் கூடவே போயிருக்கும். பெயின்ட்டையும் குரோமையும் கடைசியில்தான் பார்க்கிறேன் என்று சொல்ல ஆசை. பொய், அதைத்தான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறேன்.

என் வண்டியில் இப்போது 0.75 பிஸ்டன் ஓடுகிறது. இந்த பிளாக்குக்கு 1.00 மட்டும்தான் பாக்கி. அதன் பிறகு புது லைனர், அதாவது சிலிண்டருக்குள் புதிய உள்குழாய், இறக்க வேண்டும். அதனால் முதல் 500 கிலோமீட்டரை பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டினேன். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடி வைத்தால் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுவிடும் என்பதால் நடுநடுவே ஒரு முறுக்கு கொடுக்கிறேன். இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கிறது.

போன வாரம் அதே நண்பனிடம் ஓட்டக் கொடுத்தேன். நிறுத்திவிட்டு ஒரு முறுக்கு முறுக்கி விட்டான். சத்தம் ‘டப் டப்’ என்று உடனே இறங்கி நின்றது. “என்னடா, முன்னாடி இருந்த துடிப்பு இல்லையே, மறுபடி என்ஜின் வேலை இருக்கோ?” என்றான்.