கூட்டம் வரும் ஊரும் வராத ஊரும்

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. தேசிய சாம்பியன்ஷிப்பின் நாக்-அவுட் ஆட்டம். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் உட்கார்ந்திருந்த வரிசையில் என்னையும் சேர்த்து மூன்று பேர். கோல்கீப்பர் தன் டிஃபென்ஸ் பையன்களைப் பார்த்துக் கத்துவது மேல் அடுக்கு வரைக்கும் கேட்டது. பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டு) பலகையில் மோதினால் கல்யாண மண்டபத்தில் காலி அண்டாவைப் போட்டது போல ஒரு சத்தம். இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று ஆடிய கல்லூரிகளுக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது, அவர்கள் ஏன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வரவேண்டும்?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியைப் பற்றித்தான் சொல்கிறேன். மினசோட்டாவுக்குக் குடிவந்தவனுக்கு அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் பனி, வேறு என்ன செய்வது? இங்கே பள்ளிப் பிள்ளைகளின் மாநில ஹாக்கிப் போட்டிக்கே மார்ச் மாதம் செயின்ட் பால் அரங்கம் நிரம்பி வழியும். நான்கு நாட்களில் லட்சம் பேருக்கு மேல் வருவார்கள். பள்ளிக்கூடப் பையன்களுக்கு இவ்வளவு கூட்டம் வரும் மாநிலத்திலிருந்து கிளம்பிப் போய், கல்லூரி சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில் காலி நாற்காலிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: முதல் டிவிஷனில் அறுபதுக்கு மேல் ஆண்கள் அணிகள். அதில் 16 அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். மார்ச் கடைசி வாரம் நான்கு ஊர்களில் ரீஜனல், ஊருக்கு நான்கு அணி. ஒவ்வொரு ரீஜனலிலும் ஜெயிக்கிற ஓர் அணி ஏப்ரலில் ஃப்ரோஸன் ஃபோர் என்ற கடைசி நான்கு அணிகளின் சுற்றுக்குப் போகும். அங்கே வியாழன் அரையிறுதி, சனிக்கிழமை இறுதி. எல்லாமே ஒற்றை ஆட்டம். ரீஜனலும் சரி, ஃப்ரோஸன் ஃபோரும் சரி, எந்த ஊரில் என்பதை என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடும். ஒரு கல்லூரியோ கான்ஃபரன்ஸோ (கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) ஹோஸ்ட்டாகப் பெயர் கொடுத்து, ஓர் அரங்கத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்கும். 2023 டாம்பா, 2024 செயின்ட் பால், 2025 செயின்ட் லூயிஸ், 2026 லாஸ் வேகாஸ் என்று நான்கு ஊர்களையும் 2020 அக்டோபரிலேயே ஒரே மூச்சில் அறிவித்துவிட்டார்கள்.

ஃப்ரோஸன் ஃபோருக்கு இந்த முறை சரிதான் என்பது என் கட்சி. டாம்பா, வேகாஸ் என்றதும் "பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கியா?" என்று என் நண்பர்கள் கிண்டலடிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அடித்தவன்தான். ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கூட்டம் அணியைப் பார்க்க வரும் கூட்டமே இல்லை, அது திருவிழாக் கூட்டம். தன் கல்லூரி முதல் சுற்றிலேயே வெளியே போயிருந்தாலும் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அரங்கத்துக்கு வெளியே தகுதியே பெறாத அணிகளின் ஜெர்சிகளைத்தான் அதிகம் பார்த்தேன். வருடா வருடம் ஒரே நண்பர் கும்பல், ஒரே மாதிரி ஹோட்டல் அறை, ஏப்ரலில் நாலு நாள் வெயில். அவர்களுக்கு ஊர் முன்கூட்டியே தெரிய வேண்டும், விமானமும் பீர் கடையும் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2012-இல் டாம்பா போட்டிக்கு ஹோஸ்ட் யார் தெரியுமா? அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் கல்லூரி! ஃப்ளோரிடாவில் முதல் டிவிஷன் அணியே இல்லாததால் பக்கத்து மாநிலத்திலிருந்து கல்யாண வீட்டுக்காரரைக் கூட்டிவந்தார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 2016-இல் மறுபடி டாம்பா, 2023-இல் மறுபடி டாம்பா. (2023 இறுதியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மினசோட்டா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. குவினிபியாக் சமன் செய்து, ஓவர்டைம் தொடங்கிய பத்தாவது நொடியில் கோல் போட்டு முடித்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து இரண்டு நாள் வெளியேறியிருந்தேன்.)

2010-இல் டெட்ராய்ட்டில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் ஃபோர்டு ஃபீல்டுக்குள்ளேயே பனித்தளம் போட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஹாக்கிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அந்த வருடம் அங்கிருந்து ஓர் அணி கூடக் கடைசி நான்குக்கு வரவில்லை. அரையிறுதிகள் இரண்டும் ஒருதலைப்பட்சம்: விஸ்கான்சின் 8-1, பாஸ்டன் காலேஜ் 7-1. அப்படியிருந்தும் இறுதிக்கு 37,592 பேர் வந்தார்கள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

தொடக்கமே இப்படித்தான். 1948-இல் இந்தப் போட்டி ஆரம்பித்தபோது முதல் பத்து வருடமும் கொலராடோ ஸ்பிரிங்ஸில், பிராட்மூர் என்ற சொகுசு ஹோட்டலின் பனித்தளத்தில்தான் நடந்தது. ஹோட்டல்காரர்களுக்கு விருந்தினர் வேண்டும், போட்டிக்கு இடம் வேண்டும். அந்த ஊரின் கொலராடோ காலேஜ் 1950-லும் 1957-லும் சொந்த வீட்டிலேயே கோப்பையைத் தூக்கியது. அதைப் பார்த்துப் பொருமியவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள்.

ரீஜனல் கதையே வேறு. இங்கே வர வேண்டியது திருவிழாக் கூட்டம் அல்ல, சொந்தக்காரக் கூட்டம். மாணவர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், கல்லூரி இருக்கும் ஊரின் கடைக்காரர்கள். இவர்களுக்கு யார் எங்கே ஆடுவது என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். ஆட்டம் அந்த வியாழனோ வெள்ளியோ. நாலு நாளில் லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து, விமானம் பிடித்து, தெரியாத ஊரில் அறை தேட வேண்டும். ஜெயித்தால் இன்னொரு ஆட்டம், தோற்றால் அறை வாடகை தண்டம். அப்படியே ஜெயித்தாலும் இரண்டு வாரத்தில் ஃப்ரோஸன் ஃபோருக்கு மறுபடி செலவு செய்ய வேண்டும் என்று தெரிந்தவன் ரீஜனலில் கையை இறுக்கத்தான் செய்வான். மாணவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வாரநாளில் மதிய ஆட்டம். டிவிக்காரர்களுக்கு நான்கு ஊர் ஆட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது, அதனால் யாராவது இரண்டு மணிக்கு ஆடித்தான் ஆக வேண்டும்.

ஹோஸ்ட் கல்லூரி தகுதி பெற்றால் அதை அதே ரீஜனலில்தான் போட வேண்டும் என்று ஒரு விதி. கூட்டத்துக்காகப் போட்ட விதி, அந்த அளவில் வேலையும் செய்கிறது. நார்த் டகோட்டா ஹோஸ்ட்டாக இருந்து தகுதியும் பெற்றால் ஃபார்கோவில் இடம் கிடைக்காது. அந்தக் கல்லூரி இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம், அரங்கத்தில் ஐயாயிரம் இருக்கைகள்தான். ஆனால் அந்த அணி வராத வருடத்தில்? கூட்டம் எப்படி இருக்கும் என்பதே ஒரு சூதாட்டமாகிவிடுகிறது.

சரி, கூட்டம் வந்துவிட்டால் நியாயமாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ன் பல்கலைக்கழகம் ஹாக்கி ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸின் பட்டம் வென்று, தன் ரீஜனலில் முதல் தரவரிசையில் வந்தது. போட்ட இடம் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன். மேய்னின் சொந்த ஊரான ஓரனோவிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். எதிரணி, நான்காம் தரவரிசையில் வந்த பென் ஸ்டேட், ஹோஸ்ட்டும் அதுதான்! மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் வந்து இறங்கிய அவர்களுடைய கூட்டத்துக்கு நடுவே மேய்ன் 5-1 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் யூகானையும் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) ஓவர்டைமில் சாய்த்து, பென் ஸ்டேட் முதல் தடவையாக ஃப்ரோஸன் ஃபோருக்குப் போனது. பென் ஸ்டேட் நன்றாகத்தான் ஆடியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்க உழைத்து முதல் தரவரிசை வாங்கினால் அதற்குக் கிடைக்கும் பரிசு எதிராளியின் திண்ணையில் ஆடுவதா? ஓரனோவின் ஆல்ஃபாண்ட் அரங்கில் ஐயாயிரம் பேர் கூரை பெயர்கிற மாதிரி கத்துவார்கள். அந்தச் சத்தத்தில் அந்த ஆட்டம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

ரீஜனலைக் கல்லூரிகளின் சொந்த ரிங்கில் (பனித்தள அரங்கில்) வைக்கலாமே என்றால், "கல்லூரி ரிங்கிலேயே வைத்தால் ஹோம் அணிக்குச் சாதகம், அதனால்தானே பொது இடம்" என்பார்கள். இந்த வாதத்துக்கு ஒரு பழைய காயம் உண்டு. மிச்சிகனின் யோஸ்ட் ரிங்கில் 1998, 2002, 2003 என்று ரீஜனல்கள் நடந்தன. மூன்று தடவையும் மிச்சிகனே ஜெயித்தது. 2002-இல் மேற்கின் முதல் தரவரிசை அணியான டென்வர் அங்கே போய் 5-3 என்று தோற்றது. அடுத்த வருடம் அதே ரிங்கில், அதே 5-3 கணக்கில், கொலராடோ காலேஜ். 2006-இல் கிராண்ட் ஃபோர்க்ஸில் நார்த் டகோட்டாவின் சொந்த அரங்கில் ரீஜனல். முதல் தரவரிசை எங்கள் மினசோட்டாவுக்கு. அதைக் கொண்டுபோய் ஜென்ம விரோதியின் வீட்டில் போட்டார்கள். முதல் ஆட்டம் ஹோலி கிராஸ் என்ற சின்னக் கல்லூரியோடு. அரங்கம் முழுக்க நார்த் டகோட்டா ரசிகர்கள், அத்தனை பேரும் அன்றைக்கு மட்டும் ஹோலி கிராஸ் ரசிகர்கள். ஓவர்டைமில் ஹோலி கிராஸ் 4-3 என்று ஜெயித்தது. இன்றைக்கும் இங்கே பீர் மேஜையில் அந்தப் பெயரை உச்சரித்தால் பேச்சு நின்றுவிடும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி ரிங்க் வேண்டாம் என்ற மனநிலை கெட்டியானது. ஆனால் உற்றுப் பாருங்கள், மூன்று கதையிலும் கோளாறு எங்கே? ரிங்க் கல்லூரியுடையது என்பதில் இல்லை. இடத்தை முன்கூட்டியே முடிவு செய்ததில்தான் இருக்கிறது. சாதகம் சம்பாதித்தவனுக்குப் போகாமல், வருடங்களுக்கு முன்னால் விண்ணப்பம் போட்டவனுக்குப் போனது. ஆலன்டவுனிலும் அதேதான் நடந்தது. பொது இடம் என்று பெயர் மாற்றியதில் வியாதி போகவில்லை.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பெண்கள் போட்டியில் காலிறுதி உயர்ந்த தரவரிசை அணியின் சொந்த ரிங்கில்தான் நடக்கிறது, பல வருடங்களாக. யாரும் அநியாயம் என்று கூச்சலிட்டுக் கேட்டதில்லை. சீசன் முழுக்க ஜெயித்தாய், உன் வீட்டில் ஆடு. ஆண்கள் போட்டியிலும் 1980-களில் காலிறுதிகள் கல்லூரி ரிங்குகளில்தான் நடந்தன, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

பெண்கள் ஃப்ரோஸன் ஃபோரை அளவான அரங்கில் வைப்பதும் எனக்குப் பிடிக்கும். 2025-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரிடர் அரங்கில் நடந்தது. பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டிய இடம், மூவாயிரத்துச் சொச்சம் இருக்கை. இறுதியில் ஒஹாயோ ஸ்டேட் 3-2 என்று முன்னால் இருக்க, இருபது நொடி கூட மிச்சமில்லாத நேரத்தில் விஸ்கான்சினுக்குப் பெனால்டி ஷாட். கோல். அப்புறம் ஓவர்டைமிலும் அவர்களே. மூவாயிரம் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஆட்டம் அது. பதினெட்டாயிரம் இருக்கை அரங்கில் இதே மூவாயிரம் பேரைத் தூவி விட்டிருந்தால் பாதி உயிர் போயிருக்கும்.

எதிர்வாதங்களில் ஒன்றை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. சில கல்லூரிகளின் ரிங்க் நிஜமாகவே சின்னது. ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட உட்கார முடியாத இடத்தில் தேசியப் போட்டி வந்து இறங்கினால் வருகிற அணியின் பெற்றோருக்கே இடம் இருக்காது, டிவி வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வேறு. ஞாயிறு இரவு அறிவித்து வெள்ளிக்கிழமைக்குள் அரங்கைத் தயார் செய்வதும் விளையாட்டில்லை, அதே வார இறுதியில் அங்கே வேறு நிகழ்ச்சி கூட இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லூரிகள் பக்கத்து ஊர் அரங்கைக் காட்டட்டும், ஹோலி கிராஸுக்கு ஊஸ்டரிலேயே பெரிய அரங்கம் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் தெரியும். ஆனாலும் ஆயிரத்து ஐந்நூறு பேர் பிதுங்கி வழியும் ரிங்கா, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் வரிசையா என்று கேட்டால் நான் முதலாவதில் நின்றுகொண்டு பார்க்கத் தயார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது வருடமாக இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர். ஃப்ரோஸன் ஃபோர் டிக்கெட் குலுக்கலுக்கு வருடம் தவறாமல் பெயர் கொடுப்பார். போன வாரம் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது ரீஜனலுக்கும் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றி நின்று, "எந்த ஊர் என்று தெரிந்ததும் சொல், என் வீட்டு டிவி பெரியது, சூப் வைத்துவிடுகிறேன்" என்றார்.