விலை கூடினால் நள்ளிரவு முதல், நெல் வாங்க மட்டும் ‘விரைவில்’

எங்களிடமிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் இலங்கை அரசாங்கம் நேரம் குறித்துச் சொல்கிறது. ‘இன்று நள்ளிரவு முதல்’ என்று அறிவித்தால், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எரிபொருள் நிலையத்தில் விலை மாறிவிடுகிறது. ஒரு நிமிடம் பிந்துவதில்லை. நெல்லை வாங்குவதற்கும், யானை வேலி போடுவதற்கும், மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே பாலம் கட்டுவதற்கும் மட்டும் அதே அரசாங்கத்திடம் திகதி இருப்பதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலை. எனக்கு இன்னும் அதிகமாக எரிச்சல் மூட்டுவது, அந்தத் திகதியில்லாத பேச்சை நம் பத்திரிகைகள் கேள்வி எதுவும் கேட்காமல் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது.

அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை மாற்றும்போது அதை மூலை முடுக்கு விடாமல் வாசித்தேன். 2012 பெப்ரவரி 13, திங்கட்கிழமைப் பேப்பர். வாசிக்க வாசிக்க முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் தலைக்கேறியது.

முதல் பக்கத்தை எரிபொருள் விலை பிடித்திருந்தது. சனிக்கிழமை நள்ளிரவோடு பெற்றோல் 137 ரூபாயிலிருந்து 149 ஆகியிருந்தது. டீசல் 84 இலிருந்து 115. மண்ணெண்ணெய் 71 இலிருந்து 106. டீசலில் ஓடும் பஸ்ஸையும் உழவு மெஷினையும் விடுங்கள், அந்த மண்ணெண்ணெயைப் பாருங்கள். ஒரே இரவில் லீற்றருக்கு 35 ரூபாய்! மட்டக்களப்புக் கரையில் நாவலடியிலிருந்து கல்குடா வரை எஞ்சின் பூட்டிய சிறு வள்ளங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. வலை நிறைந்தாலும் வெறுமையாக வந்தாலும் எண்ணெய்க்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். அவர்களுக்கான நிவாரணச் செய்தி அதே பேப்பரில் உள்ளே இருக்கிறது: மீனவர்களுக்கு மானியம் வழங்கப்படும். எப்போது? எழுதவில்லை. எவ்வளவு? அதுவும் இல்லை. யாரிடம் விண்ணப்பிப்பது? அந்த வரியே கிடையாது. பத்து வருடம் கழித்து, 2022 ஓகஸ்ட்டில், மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. அப்போதும் விலைக்கு மணி குறித்திருந்தார்கள், நிவாரணம் மட்டும் பிறகு வரும் என்றார்கள்.

அடுத்த பக்கத்தில் நெல். மாரி மழையை நம்பிச் செய்கிற பெரும்போகத்தின் வெட்டு நடக்கிறது, விவசாயிகள் நல்ல விலையில்லாமல் அவதிப்படுகிறார்கள், அரச கொள்வனவு விரைவில் ஆரம்பமாகும். இந்தச் செய்தியை நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிற பெரியப்பா அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார். கதிரையிலிருந்து நிமிர்ந்து, “மகன், எந்தக் களஞ்சியத்தில் எடுக்கிறார்களாம்?” என்று கேட்டார். இது 2012 ஆம் ஆண்டுப் பேப்பர் பெரியப்பா என்றேன். “இப்போதும் அதைத்தானே சொல்கிறார்கள்” என்றுவிட்டுத் திரும்பச் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் சொன்னது பொய்யா? 2025 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு நாட்டரிசி நெல் 120 ரூபாய், சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று உத்தரவாத விலையை அறிவித்த நாள் பெப்ரவரி 5. அதற்கு முன்பே அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வெட்டு மெஷின்கள் வயலில் இறங்கிவிட்டன. நாட்டில் முதலில் வெட்டு விழும் பகுதிகளில் எங்கள் கிழக்கும் ஒன்று என்பது விவசாயத்தைப் பற்றிப் பேசுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? விதைக்கும்போதே நகை அடகுக்குப் போயிருக்கும். உரக்கடைக்காரர் வாசலில் நிற்பார். மெஷின் கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். விலை அறிவிக்கும் வரை நெல்லை வைத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? வயல் வரம்பில் தராசோடு நிற்கிற வியாபாரி சொல்வதுதான் அன்றைய விலை. ஈரம் என்று சொல்லி மூட்டைக்குக் கழிவு வேறு வெட்டுவார். அரச களஞ்சியத்துக்குக் கொண்டுபோவதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மாசிப் பனியிலும் தப்பு மழையிலும் நெல்லை எங்கே காய வைப்பது? தார் வீதியில் பரப்பி வைத்துவிட்டு, வாகனம் வரும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறார்கள். கொள்வனவு விரைவில் என்று தலைப்புப் போட்ட எவராவது அந்த வீதியில் வந்து நின்று, இன்றைக்கு என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டு எழுதினார்களா?

யானைச் செய்தியும் இருந்தது. வருடத்தை மறைத்துவிட்டுக் காட்டினால் நேற்றைய செய்தி என்றுதான் எவரும் சொல்வார்கள். வயலுக்குக் காவல் போன குடும்பஸ்தர் பலி, வேலி அமைக்க நடவடிக்கை. வவுணதீவு, கிரான், செங்கலடி, வெல்லாவெளி என்று ஊர்ப் பெயர்தான் மாறும். வேலி எங்கிருந்து எங்கே வரை, பராமரிப்பது யார், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் எந்தச் செய்தியிலும் வராது. செத்துப்போன மனிதனுக்கு ஒரு நாள் செய்தி. அவன் வீட்டுக்கு நட்டஈடு வந்ததா என்று ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்க்க ஆளில்லை.

செய்யவே முடியாத வேலைகள் என்று யாரும் சமாளிக்க வேண்டாம். 1924 இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்பட்டது, வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக, ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் அங்கே முடிந்தது. இரண்டும் ஜப்பான் உதவியோடு, ஒப்பந்தம் எழுதி, பணம் ஒதுக்கிக் கட்டியவை. பணமும் பொறுப்பும் எழுத்தில் இருந்தால் பாலம் எழும்புகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாலம் என்ற பேச்சு மட்டும் எத்தனை தேர்தலைக் கண்டது! பிள்ளை பெறப் போகிறவளையும் பாம்பு கடித்தவனையும் பாதையில் ஏற்றி, காற்று அடங்கட்டும் என்று கரையில் காத்திருந்த சனங்கள் அந்தத் தலைப்புகளை வாசித்தவர்கள்தான்.

திறந்து வைத்த பிறகாவது தொடர்ந்து எழுதுகிறார்களா? அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டபோது படத்தோடு முதல் பக்கம். அதன் வாயில் மணல் நிரம்பியதும், பக்கத்துக் கரையைக் கடல் அரித்துத் தென்னைகளை விழுங்கியதும் உள்பக்கச் செய்தியாகச் சுருங்கின.

ஆசிரியர்களிடமும் பிரதேச நிருபர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அமைச்சரோ, எம்பியோ, அதிகாரியோ ஒன்று செய்யப் போவதாகச் சொன்னால், எந்தத் திகதிக்கு, எவ்வளவு பணத்தில், எந்த அலுவலகம் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். பதில் தராவிட்டால், பதில் தரவில்லை என்பதைத் தலைப்பாகப் போடுங்கள். சொன்ன திகதி கடந்ததும் அதே தலைப்பைத் திரும்ப அச்சடித்து, நடந்ததா இல்லையா என்று கீழே எழுதுங்கள். வரப்போகிற பெரும்போகத்துக்கு நெல் விலையை மார்கழிக்குள் அறிவிக்கச் சொல்லி இப்போதே நெருக்குங்கள். வெல்லாவெளிக்கும் சம்மாந்துறைக்கும் எந்தக் களஞ்சியம், எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று வெட்டுக்கு முன்பே முதல் பக்கத்தில் வர வேண்டும்.