டச்சா, டார்ச்சா?

கடைத் தம்பி: வாங்க ஆயா. என்ன பார்க்கலாம்?

ஆயா: டார்ச்சு போன் ஒன்று எடு நைனா.

தம்பி: டச் போனா? இதோ புதுசு. பதினோராயிரம்தான்.

ஆயா: எரிய வைத்துக் காட்டு.

தம்பி: ஐயோ, இது எரியாது ஆயா. ஒரு வருஷம் வாரண்டி.

ஆயா: எரியாத டார்ச்சுக்கு வாரண்டி எதற்கு?

தம்பி: டச்சு ஆயா, டச்சு! விரலால் தொட்டாலே போதும்.

ஆயா: சரி, தொடுகிறேன். இன்னாடா, ஒன்றும் ஆகவில்லையே?

தம்பி: கொஞ்சம் மெதுவாகத் தொடுங்க.

ஆயா: முப்பது வருஷமாக முள்ளு கத்திரிக்காய் பறித்த விரல் கண்ணு இது. ரேஷன் கடை மிஷினில் மூன்று தடவை வைத்தும் ரேகை விழவில்லை. உன் கண்ணாடிக்கு மட்டும் நான் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுமா?

(நான் டெம்பர் கிளாஸ் ஒட்டக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். அந்தக் கட்டை விரல் கருத்து வெடித்திருந்தது, நகத்தோரம் முள் ஏறிய தழும்பு. நாலாவது தட்டில் கேமரா திறந்து ஆயாவின் தாடையைக் காட்டியது.)

தம்பி: அப்போ உங்களுக்குப் பட்டன் போன்தான் சரி.

ஆயா: மறுபடியும் பார். நான் டார்ச்சு கேட்டால் டச்சு என்கிறாய், பட்டன் என்கிறாய். நான் இன்னா ஜாக்கெட்டா தைக்க வந்தேன்?

தம்பி: பட்டன் போனில்தான் ஆயா டார்ச் தலையிலேயே இருக்கும்! நோக்கியா 1100 தெரியுமா? 2003ல் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் விசேஷமே டார்ச்தான்.

ஆயா: இதைத்தானே கால் மணி நேரமாகக் கேட்கிறேன்? என்னுடையதும் அப்படி ஒன்றுதான். போன வாரம் கிணற்றில் விழுந்தது. அடியில் போகிற வரைக்கும் எரிந்துகொண்டே போனது, மகராசி.

தம்பி: ஆனால் ஆயா, நல்லது கெட்டது சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்து கேட்கக் கூடாது. இதில் நெட் வராது, வாட்ஸ்அப் வராது. போட்டோ எடுத்தால் கத்திரிக்காயும் கவுன்சிலரும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

ஆயா: நேரில் பார்த்தாலும் அப்படித்தான். அப்புறம்?

தம்பி: ரேடியோ கேட்க இயர்போன் சொருகியே ஆகணும். அந்த ஒயர்தான் ஏரியல். மெசேஜ் பெட்டி நிரம்பினால் ஓடிபி வராது, நீங்கதான் ஒவ்வொன்றாக அழிக்கணும்.

ஆயா: அழித்து அழித்துப் பழக்கம்தான். தினமும் எனக்கு லட்ச ரூபாய் லோன் கொடுக்க யாரோ தவிக்கிறார்களே. நேரில் போய்க் கேட்டால் மட்டும் தரமாட்டார்கள். அப்புறம்?

தம்பி: கேமும் பாம்பு மட்டும்தான்.

ஆயா: அடப்பாவி! விடிவதற்குள் காய் பறித்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போடணும். வரப்பில் இருக்கிற பாம்பைப் பார்க்கத்தான் டார்ச்சு கேட்கிறேன். நீ போனுக்குள்ளேயே ஒன்றை விட்டு விற்கிறாயா?

தம்பி: அது விளையாட்டுப் பாம்பு ஆயா.

ஆயா: எங்கள் வரப்பில் இருப்பதும் விளையாடிக்கொண்டுதான் இருக்கும், மிதிக்கிற வரைக்கும்.

தம்பி: சரி, நல்லதும் சொல்கிறேன். சார்ஜ் போட்டால் நாலஞ்சு நாள் நிற்கும். கீழே விழுந்தால் மூன்றாகப் பிரியும், பொறுக்கிச் சேர்த்தால் பேசும். இந்த 5 மேல் விரல் வைத்துப் பாருங்க.

ஆயா: இன்னா இது, மரு மாதிரி?

தம்பி: அதான் அடையாளம். இருட்டிலும் 5 எங்கே என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி.

ஆயா: ஆங்! பழைய போனிலும் இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது கண்ணு. 2 அழுத்திப் பிடித்தால் பெரியவன், 3 குடியாத்தத்தில் இருக்கிற பெண், 9 பால் சொசைட்டி. 1 மட்டும் யாருக்கும் போகாது. என் வீட்டுக்காரர் மாதிரி.

தம்பி: அப்போ இதையே போட்டுவிடவா? 1,400. ரீசார்ஜும் சேர்த்துப் போடுகிறேன். 28 நாள், தினமும் 1.5 ஜிபி நெட்.

ஆயா: இதில் நெட் வராது என்றாயே?

தம்பி: வராது.

ஆயா: அப்போ அந்த ஒன்றரை?

தம்பி: ராத்திரி 12 மணிக்குத் தானாகத் தீர்ந்துவிடும்.

ஆயா: நம் பாலாறு மாதிரி. கணக்கில் ஓடும், ஆற்றில் மணல்தான். அது இன்னா 28 நாள்? எந்தப் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு 28?

தம்பி: வருஷத்துக்கு 13 தடவை வரும் ஆயா.

ஆயா: எங்கள் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், விலை ஏறவில்லை. உங்களுக்கு மட்டும் குறியீடு இல்லாமலே பதிமூன்றாவது மாதம் முளைக்கிறது. பேச மட்டும் ரீசார்ஜ் கிடையாதா?

(தம்பி கால்குலேட்டரைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.)

தம்பி: இருக்கு ஆயா. பேச, மெசேஜுக்கு மட்டும் தனியாக வைக்கச் சொல்லி 2024 டிசம்பரில் போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற டிராய் உத்தரவு போட்டது. வருஷத்துக்கு ஒரே தடவை போடுகிற மாதிரிகூட இருக்கு.

ஆயா: பின்னே ஏன் சொல்லவில்லை?

தம்பி: யாரும் கேட்கவில்லை.

ஆயா: டார்ச்சு என்று கத்திக் கேட்டேன், டச்சு என்று காதில் விழுந்தது. கேட்காததை நீ எங்கே சொல்லப்போகிறாய்!

(எனக்கு உறைத்தது. என் அம்மாவின் பட்டன் போனுக்கு மூன்று வருஷமாக நெட் போட்டுக்கொண்டிருப்பவன் நான். படித்தவன் வேறு.)

தம்பி: சரி ஆயா, அதையே போடுகிறேன். முதலில் பில். உங்கள் நம்பர் சொல்லுங்க, ஓடிபி வரும்.

ஆயா: எதில் வரும்?

தம்பி: உங்க போனில்.

ஆயா: போன் கிணற்றில். எட்டிப் பிடித்து கழற்றி வந்த சிம்மு என்று நினைத்தாயா? நேற்று புதுசாக வாங்கினது, இதோ முந்தானை முடிச்சில் இருக்கு. ஓடிபி வந்தால் அவிழ்த்துப் பார்த்துச் சொல்கிறேன், உட்கார்.