1536-க்கு 864 என்னும் தொல்லை
1920-க்கு 1080 புள்ளிகள் (பிக்சல்கள்) அளவுள்ள திரையை விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பவனிடம், உச்ச அளவே 1536-க்கு 864 தான் என்று ஒரு பழைய கணினி விளையாட்டு சாதித்தால் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வது? எழுத்துகள் பெரிதாகத் தெரிவதற்காக விண்டோஸில் 125 சதவீத உருப்பெருக்கம் வைத்திருந்தால், 1920-ஐ 1.25-ஆல் வகுத்து விண்டோஸ் சொல்லும் எண்ணையே திரையின் முழு அகலம் என்று அந்த விளையாட்டு நம்பிவிடுகிறது. பிறகு அச்சிறிய படத்தை விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்குவதால், எண்ணெய்க் காகிதத்தின் வழியே பார்ப்பதுபோல் எல்லாம் மங்கிப்போகிறது. தீர்வு விளையாட்டின் அமைப்புகளில் இல்லை, கிராபிக்ஸ் கார்டின் அமைப்புகளிலும் இல்லை. விளையாட்டுக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் நுழைந்து, கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) என்ற சொல் உள்ள பொத்தானுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. பெரிதாக்கும் பொறுப்பை விளையாட்டிடமே விட்டுவிடும்படி அங்கே குறிக்க வேண்டுமாம். விளையாட உட்கார்ந்தவன் இதை எந்தச் சோதிடரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்?